இறங்கியே நிற்கும் கைகாட்டி

ஜனவரி 5

டாக்டர் பர்வீன் இன்று முடிவாகச் சொல்லிவிட்டார். இரண்டு வருடமாக அவ்வப்போது ரத்தம் பார்த்து, பொறுத்திருந்து பார்ப்போம் என்று அனுப்பிக்கொண்டிருந்தவர், இனிப் பொறுக்க வேண்டாம், மாத்திரை ஆரம்பித்துவிடலாம் என்கிறார்.

என் வீட்டுக்காரருக்கு இருப்பது ரத்தப் புற்றுநோயில் நிதானமாக நகரும் வகை. “கூட்ஸ் வண்டி” என்று இவரே அதற்குப் பெயர் வைத்திருந்தார். இப்போது கூட்ஸ் வேகம் பிடித்துவிட்டது. கழுத்தில் நெறி கட்டியிருப்பதை மஃப்ளர் சுற்றி மறைத்துக்கொண்டு மார்கழி முழுவதும் நடமாடியிருக்கிறார். பனிக்கு என்று நினைத்தேன். கூடவே இருக்கிறவளுக்குத் தெரியவில்லை, பத்து நிமிடம் பார்க்கிற டாக்டருக்குத் தெரிகிறது.

வெள்ளை அணுக்கள் ஏராளமாகப் பிறப்பதால்தான் இந்த வியாதி என்று நான் எண்ணியிருந்தேன். இத்தனை வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள், அதற்கு மேல் யோசிக்கவில்லை. டாக்டர் சொன்னது வேறு. “பிறக்கிறது பெரிய பிரச்சனை இல்லைம்மா. சாக வேண்டியது சாகாம நிக்குது, அதான்.” நோய் எதிர்ப்பு அணுவுக்கு ‘வாழு’ என்று வெளியிலிருந்து சேதி வரும். அது சவ்வில் இறங்கி, புரதம் மாற்றிப் புரதமாகக் கை மாறி உள்ளே போகும். சேதி வருகிறவரை அணு இருக்கும். நின்றால் போய்விடும். இவருடைய அணுக்களில் அந்தச் சேதி நிற்பதே இல்லையாம்.

இவர் உடனே ரயில் கைகாட்டி மாதிரி முழங்கையை மடக்காமல் கையைக் குறுக்கே நீட்டினார். “இது நில்லு.” பிறகு கையைச் சரித்தார். “இது போ. கம்பியை இழுத்துப் பிடிச்சிருந்தாத்தான் கை இறங்கி நிக்கும். கம்பி அறுந்தா எடைக்கல்லு இழுத்து, கை தானா நில்லுன்னு ஏறிடும். அப்படித்தான் செஞ்சு வெச்சிருந்தான். இப்ப என் உடம்புல எவனோ கம்பியை இழுத்துக் கட்டிப் போட்டுட்டான், அவ்வளவுதானே?”

டாக்டர் கைகாட்டி மரத்தைப் பார்த்ததே இல்லையாம். விளக்கு சிக்னல்கள் வந்த பிறகு பிறந்தவர். ஆனாலும் சரியாகப் பிடித்துக்கொண்டார். “ஆமா சார். இந்த மாத்திரை கம்பியை வெட்டும்.”

ஸ்டேஷன் மாஸ்டராக ரிட்டயர் ஆனவரிடம் வியாதியைப் புரியவைக்க நான் ஆயத்தமாகப் போயிருந்தேன். எனக்கு வேலையே இல்லை.

ஜனவரி 6

நேற்று அவர் கையை நீட்டியதிலிருந்து கருவேலங்குறிச்சி நினைவாகவே இருக்கிறது.

கல்யாணமாகி நாங்கள் குடிபோன முதல் ஸ்டேஷன். ராமேஸ்வரம் லைனில், ஒரு பிளாட்பாரம், ஒரு வேப்பமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. குவார்ட்டர்ஸ் சுவரில் ரயில் போகும்போதெல்லாம் சுண்ணாம்பு உதிரும். நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இவருடைய ஆட்கள் எல்லாரும் என்னை டீச்சரம்மா என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு இவரும் டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்தார். கேலியாகத் தொடங்கியது, பெயராகிவிட்டது. ஞானசுந்தரி என்கிற என் பெயரை இவர் வாயால் கேட்டது குறைவு.

மண்டபத்திலிருந்து வருகிற வண்டியின் டிரைவர் ஒருவர் ஓலையில் மீன் சுற்றிக் கொண்டுவருவார். வண்டி நிற்காமல் போகிற நாட்களில் லைனில் ஓட அனுமதி தரும் டோக்கன் வளையத்தோடு மீனும் பறந்து வரும். வளையத்தை இவர் கையில் வாங்குவார். மீனை வாங்க நாய் ஓடும்.

இன்று சட்னிக்குத் தேங்காய் கருகிவிட்டது.

ஜனவரி 9

முதல் மாத்திரை. பார்த்தால் மிளகளவு. ஐந்து வாரத்தில் படிப்படியாக ஏற்றுவார்களாம். எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் என்ன என்று கேட்டேன். டாக்டர் விளக்கியதை நான் எனக்குப் புரிகிற மாதிரி எழுதி வைக்கிறேன். ரயில்வே காலனியில் ஒரு குடும்பத்துக்கு மாற்றல் வந்தால், சாமான்களைக் கட்டி வாசலில் வைத்து, வீட்டைப் பெருக்கிவிட்டுப் போவார்கள். தெருவில் ஒருவருக்கும் தொந்தரவில்லை. நல்ல அணுவின் சாவும் அப்படித்தான். தன்னைத் தானே மடித்து, சிறு சிறு மூட்டையாகக் கட்டி வைத்துவிடும். பக்கத்து அணுக்கள் எடுத்துச் சாப்பிட்டுவிடும். ஆனால் காலனி மொத்தத்துக்கும் ஒரே நாளில் மாற்றல் வந்தால்? தெருவெல்லாம் சாமான். குப்பை வண்டி திணறிவிடும். இங்கே குப்பை வண்டி சிறுநீரகம். அதனால்தான் நிதானம், அதனால்தான் நிறையத் தண்ணீர்.

தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிறார். “எஞ்சினுக்குக்கூட இவ்வளவு தண்ணி புடிச்சதில்ல.”

சாப்பிடக் கூடாதவை என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். ரூல் புக் கிடைத்த மாதிரி அதை உருப்போடுகிறார். கிரேப் ஃப்ரூட் என்று இருந்ததால் திராட்சையை ஒதுக்கிவிட்டார். அது திராட்சை இல்லை, நம் பம்பளிமாஸின் ஒன்றுவிட்ட தம்பி, எலுமிச்சைக் குடும்பம் என்று விளக்கினேன். நிம்மதியாகத் திராட்சை சாப்பிட்டார். தாளில் இருந்த மற்ற இரண்டு பழங்களை எங்கள் ஊர்ப் பழக்கடைக்காரர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

வாய் கசக்கிறது என்றார். இரவுக்குத் தயிர்சாதமும் உப்பு நார்த்தங்காயும் கொடுத்தேன். நல்லவேளை, போன மாதம்தான் சுருள் சுருளாக அரிந்து உப்பு அடைத்துக் காயவைத்து எடுத்தேன்.

ஜனவரி 15

பொங்கல். பூனாவிலிருந்து மகள் வானதி பேசினாள். வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். கரும்பு வாங்கினோம். இருவராலும் கடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போட்டோம்.

ஜனவரி 18

இரண்டாவது படி ஏற்றியாகிவிட்டது. அணுக்கள் குறைய ஆரம்பித்திருக்கின்றன. கழுத்து நெறியும் வற்றுகிறது. மஃப்ளரை எடுத்துவிட்டார்.

இவருக்கு இப்போது ஒரு புதுப் பழக்கம். திங்கட்கிழமை தண்ணீர் மோட்டாருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டால் எப்படி விடுவிப்பது என்று காட்டினார். நேற்று இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் விதம். இன்று கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளை மழைக்காலத்தில் எப்படித் தூக்கிப் போட வேண்டும் என்பது. எனக்குத் தெரியாதா? இந்த வீட்டில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். “நீங்களே போட்டுக்கங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்கு” என்று வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 21

சாப்பாடு எதுவும் பிடிக்கவில்லை, நார்த்தங்காயைத் தவிர. இரண்டு வேளையும் அதுதான். காய்ச்சலில் கிடந்தவர்களை எங்கள் அம்மா இதைக் கொடுத்தே எழுப்பி உட்காரவைப்பாள்.

பழைய கதைகளாகப் பேசிக்கொண்டிருந்தோம். கருவேலங்குறிச்சியில் ஒரு முறை ரிலீவர் வரவில்லை. மழையில் எங்கோ பாலம் முழுகிவிட்டது. அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்கிக் கையெழுத்துப் போடாமல் ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியை விட்டுப் போகக் கூடாது. மழை விட்டு ஆள் வந்து சேரும்வரை இவர் அங்கேயே இருந்தார். குவார்ட்டர்ஸ் கண்ணுக்கெதிரே இருந்தும் நான்தான் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோனேன். சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும். டெலிபோனுக்குப் பக்கத்தில் வாழை இலை போட்டுச் சாப்பிட்டார். மேஜை ஓரத்தில் நின்று பரிமாறினேன். வெளியே மழை. அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் பரிமாறியதில்லை. அதை அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை.

ஜனவரி 24

மூன்றாவது படி. களைப்பு என்கிறார். மருந்தின் வேலையாக இருக்கும்.

ஜனவரி 27, ஆஸ்பத்திரி

நேற்று முன்தினம் மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நெஞ்சுக்குள் ஏதோ தடம் மாறி ஓடுகிறது என்றார். வாந்தி. கால் துவண்டது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தே வந்தார். வந்து சேர்ந்ததும் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவு.

அணுக்கள் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாகச் செத்திருக்கின்றன. உள்ளே இருந்த பொட்டாசியமெல்லாம் ரத்தத்தில் கொட்டிவிட்டது. அதுதான் இதயத் துடிப்பைக் கலைத்திருக்கிறது. சிறுநீரகம் திணறுகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். காலனி மொத்தமும் ஒரே நாளில் காலி செய்துவிட்டது.

வானதி கிளம்பிவிட்டாள்.

ஜனவரி 28

டாக்டர் பர்வீன் என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்தார். மாத்திரை அளவு சரி, தண்ணீர் சரி, பின் ஏன் இப்படி? வேறு மாத்திரை ஏதாவது? நாட்டு மருந்து? இல்லை. சாப்பாடு? நான் பெருமையாகவே சொன்னேன். இட்லி, ரசம், தயிர்சாதம்.

“தொட்டுக்க என்னம்மா?”

“நார்த்தங்காய்தான். ரெண்டு வேளையும்.”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எலுமிச்சை, நாரத்தை, பம்பளிமாஸ், வில்வம், கறிவேப்பிலை, எல்லாம் ஒரே குடும்பம். பரீட்சைக்கு வரும் என்று அடிக்கோடும் போடச் சொல்வேன். பம்பளிமாஸின் தம்பியைத் தேடி விலக்கிய அதே கையால் நாரத்தையை எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தப் பழங்களில் சிலவற்றில் உள்ள ஒரு பொருள், மருந்தை உடைத்து வெளியேற்றும் வேலையைத் தடுத்துவிடும். உடையாத மருந்து உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். “இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. நார்த்தங்காயை யாரும் அவ்வளவா ஆராய்ச்சி பண்ணலை. ஆனா எனக்குச் சந்தேகமா இருக்கு. தாள்ல நம்ம ஊர்ப் பழம் இல்லாதது எங்க தப்பும்தான்.”

உள்ளே போய் இவரிடம் சொன்னேன். ஆக்ஸிஜன் குழாயை விரலால் ஒதுக்கிக்கொண்டார். “ரூல் புக்ல இல்லாத பழம். என்கொயரி வெச்சா ரெண்டு பேருக்கும் மெமோதான். கேட்டு வாங்கித் தின்னவன் நான்ல” என்றார்.

ஆஸ்பத்திரியில் தூசி அதிகம். கண் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜனவரி 30

சிறுநீரகம் தேறிவிட்டது. துடிப்பும் ஒழுங்காகிவிட்டது. சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள்.

டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஒரு சந்தேகம் கேட்டேன். கெட்ட அணு சாகாததைச் சொன்னீர்கள். நல்ல அணு எதனால் சாகிறது? அதற்கும் யாராவது உத்தரவு போட வேண்டுமா?

சில சமயம் வெளியிலிருந்து உத்தரவு வருவதும் உண்டாம். பெரும்பாலும் அது தேவையே இல்லையாம். சாவதற்கு வேண்டிய எல்லாமே அணுவுக்குள் ஆரம்பத்திலிருந்தே தயாராக இருக்கின்றன. சுற்றி இருக்கிறவை ‘இரு, இரு’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் அது இருக்கிறது. நேற்றுச் சொன்னது இன்றைக்கு ஆகாது. சொல்வது நின்றுபோனால், யாரும் ஒன்றும் செய்யாமலே அது தன்னை மடித்துக்கொள்ளும். இதற்குக் கேட்பாரற்ற சாவு என்று ஒரு பெயர்கூட இருக்கிறதாம்.

பாடப் புத்தகத்தில் இது இருந்ததாக நினைவில்லை. இருந்து நான் கவனிக்காமல் நடத்திவிட்டேனோ என்னவோ.

பிப்ரவரி 2

வீடு வந்தோம். நார்த்தங்காய் ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். வானதி பாகற்காய் வறுத்தாள். அப்பாவும் மகளும் சீட்டாடினார்கள்.

பிப்ரவரி 6

டாக்டர் போன் செய்தார். மறுபடியும் சிறு அளவிலிருந்து தொடங்க வேண்டும், இந்த முறை முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்கலாம், இந்த வாரமே வந்துவிடுங்கள் என்றார்.

இவர் வர மறுத்துவிட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. “அந்த மத்தியானம் மாதிரி இன்னொண்ணு எனக்கு வேண்டாம். வயசு ஆச்சு. வீட்டுலயே இருந்துக்கறேன்.” வானதி அழுதாள். கோபித்தாள். டாக்டரிடம் பேச வைத்தாள். டாக்டர் ஒளிக்கவில்லை. மாத்திரை இல்லாவிட்டால் இந்தக் கோடையைத் தாண்டுவது சந்தேகம். எடுத்தால் பல வருடங்கள் நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. இவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டு, “சரிங்கம்மா, ரொம்ப நன்றி” என்று போனை வைத்துவிட்டார்.

நார்த்தங்காய் கொடுத்தவள் என்ன சொல்வது?

பிப்ரவரி 8

வானதிக்கு லீவு முடிந்தது. ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். வண்டி கண்ணுக்கு மறையும்வரை பிளாட்பாரத்தில் நின்றார். எப்போதும் அப்படித்தான். கடைசிப் பெட்டியைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்.

கேஸ் ஏஜென்சி எண்ணைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

பிப்ரவரி 9

காலையில் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். எதற்கு இந்தச் சுவரில் ஒட்டுகிற வேலையெல்லாம் என்று கேட்டேன்.

“சார்ஜ் கொடுக்கறேன் டீச்சர். எல்லாம் கொடுத்தாச்சு. மோட்டார், இன்வெர்ட்டர், தாழ்ப்பாள். ஒண்ணும் பாக்கி இல்ல.”

“நான் வாங்கிக்கலையே. கையெழுத்துப் போடலையே. ரிலீவர் வாங்காம ஸ்டேஷனை விட்டுப் போற மாஸ்டர் உண்டா? நீங்கதானே மழைக்குள்ள உட்கார்ந்திருந்தீங்க?”

சிரித்தார். நான் விடவில்லை. டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். நல்ல அணுவை யாரும் கொல்ல வேண்டியதில்லை, இரு என்று சொல்வது நின்றால் போதும், அதுவே போய்விடும், ஒரு செடிக்குத் தினமும் தண்ணீர் விடுகிற மாதிரி என்று ஆரம்பித்தேன். கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

“வகுப்புல பாடம் நடத்துற மாதிரியே இருக்கு. ஒரே ஒரு தடவை, உதாரணம் எதுவும் இல்லாம சொல்லு பார்ப்போம்.”

வாழ்நாள் முழுக்கப் பேசிப் பிழைத்தவள் நான். தம்ளரின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் கீரைக்காரர் கூவிக்கொண்டு போய்விட்டார்.

“நீங்க இருக்கணும்” என்றேன். “எனக்கு நீங்க இருக்கணும்ங்க.”

அவர் காபியைக் குடித்து முடித்தார். வேறு பக்கம் பார்த்தபடி, “பெட்டியை எடுத்து வை” என்றார்.

பிப்ரவரி 11, ஆஸ்பத்திரி

நேற்று முதல் மாத்திரை. ரத்தம் பார்த்தார்கள். பொட்டாசியம் சரியாக இருக்கிறது. இரவு நன்றாகத் தூங்கினார்.

இன்று காலை நர்ஸ் இரண்டாவது மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டு, சார்ட்டில் எழுதுவதற்காக அங்கேயே நின்றாள். இவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். “போடுங்க சார்” என்றாள். போடவில்லை. என்னைப் பார்த்தார்.

“என்னங்க?”

“இன்னைக்கு இன்னும் சொல்லலையே.”

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த கட்டிலில் இருந்தவரும் திரும்பினார். என் முகம் சுட்டது. ஆனாலும் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே.

விழுங்கினார்.